யானை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

போன வாரம் ஒரு யானையைத் திருப்பினேன். ஒரு தடவை அல்ல.

நான் சுவரில் படம் வரைகிறவன். சொந்தத் தொழில். முதலாளி கிடையாது. அதனால் வேலை தருகிற எல்லோரும் முதலாளி.

எங்கள் சனம் நிறைய இருக்கும் ஹோம்புஷில் தவம் அண்ணை சாப்பாட்டுக் கடை திறக்கிறார். வாசலில் இருந்து டொய்லெட் வரை ஒரு நீளச் சுவர். அதில் யானை வேண்டும் என்றார். கீழே என் பெயரும் போன் நம்பரும் போடலாம் என்றார். ஊரே சாப்பிட வரும் இடம். படம் நன்றாக வந்தால் அடுத்த வேலை தானாக வரும். கெட்டால்... பெயரும் அங்கேதான் இருக்கும்.

"முடிவு சொல்லுறது ஆர் அண்ணை?"

"நான்தான்."

யானை வாசலைப் பார்த்து நின்றது. அண்ணை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

டொரொன்டோவில் இருந்து அவருடைய தமையன் பேசினார். "டேய், யானை கடையை விட்டு வெளியில போகுது. யாவாரமும் பின்னால போகும்."

வெள்ளை அடித்தேன். மறுபக்கம் திருப்பினேன்.

லண்டனில் இருந்து தங்கச்சி. "அண்ணா, அது ரொய்லெற்றுக்கு ஓடுற மாதிரியெல்லோ கிடக்கு! உங்கட சாப்பாடு சாப்பிட்டதோ?"

மறுபடியும் வெள்ளை. சாப்பிடுகிறவர்களை நேரே பார்க்க வைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா. "ஐயோ மோனை, சாப்பிடுற ஆக்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. நாவூறு படும்!"

நான் பிரஷ்ஷைக் கழுவினேன். "அண்ணை, முடிவு நீங்கள் எண்டு சொன்னியள்."

"ஓம், நான்தான். அவை அபிப்பிராயம் மட்டும்தானே சொல்லினம்."

ஒரு ஆளிடம் வேலை எடுத்தோம் என்று நினைக்கிறோம். அவருக்குப் பின்னால் மூன்று நாடு நிற்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும், இல்லையா?

அண்ணை யோசித்தார். "இன்னும் ஒரு பக்கம் மிச்சம் கிடக்கெல்லோ?"

கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் நடக்கும் குசினி.

ஆக, யானை இப்போது சுவருக்குள் தலையை விட்டுக் குசினிக்குப் போகிறது. நமக்குத் தெரிவது பின்பக்கம். நல்ல பெரிய பின்பக்கம். குரூப்பில் எல்லோரும் கட்டைவிரல் தூக்கினார்கள்.

"பேரைப் போடும் தம்பி."

வாலுக்குக் கீழேதான் இடம் இருந்தது. போட்டேன்.

கடை திறந்தார்கள். சனம் வரிசையில் நின்று அந்தப் பின்பக்கத்தோடு செல்ஃபி எடுத்தது. மறுநாள் போன் அடித்தது. நகைக்கடை வைத்திருக்கும் ஒரு அன்ரி.

"தம்பி, அந்த யானையின்ர பின்பக்கம் நீர்தானே கீறினது? எங்கட கடைக்கு ஒரு மயில் வேணும். முன்பக்கம்."

"கீறலாம் அன்ரி. முதல்ல வீட்டில ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கோ. மயிலைப் பிறகு பாப்பம்."