வெள்ளைக் குதிரையின் வயிறு

ஒரு பொமரேனியனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. பேசியவர் குற்றாலத்தில் சீசனுக்குக் குதிரைச் சவாரி விடும் அண்ணாச்சி.

“டாக்டரம்மா, நம்ம புள்ள விடியக்காலத்துலருந்து உருளுதா. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதா. லத்தி போடல.”

“கடைசியா எப்ப போட்டுது?”

“நேத்து மதியம். அதும் கோலிக்குண்டு கணக்கா நாலே நாலு.”

நல்ல நிலையில் இருக்கும் குதிரை ஒரு நாளில் எட்டுப் பத்து தடவையாவது சாணம் போடும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் பின்வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் ஒரே நாளில்கூடக் குதிரை செத்துப்போகலாம். பொமரேனியனின் நான்காவது கால் நகங்களை வெட்டாமலே உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்.

நான் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தென்காசியில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் வேலை, குத்துக்கல்வலசையில் வாடகை வீடு. வருவதெல்லாம் நாயும் ஆடும் மாடும்தான். குதிரை சீசனுக்குச் சீசன் வரும் நோயாளி. பையில் போட வேண்டியவற்றை வாய்விட்டுச் சொன்னேன். நான் பதறினால் வெளியே தெரியாது, பட்டியல் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். ஸ்டெதாஸ்கோப். தெர்மாமீட்டர். தோள்வரை வரும் கையுறை, நான்கு. மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் நீளக் குழாய். புனல். லிக்விட் பாராஃபின். வலிக்கான ஊசி. குளூக்கோஸ் பாட்டில்களை எடுத்து, பாதியைத் திரும்ப வைத்து, மறுபடியும் எடுத்தேன்.

மருத்துவமனையின் பெரிய டாக்டர் அன்று காலைதான் செங்கோட்டையில் கொல்லம் ரயில் ஏறியிருந்தார். போனில் பிடித்தேன்.

“ட்யூப் போட்டிருக்கியாம்மா?”

“படிக்கும்போது ரெண்டு தடவை, சார்.”

“ரெண்டும் சரியாப் போச்சா?”

“ஒண்ணு சரியாப் போச்சு.”

அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. ரயில் மலைக்குள் போய்விட்டது. அதன் பிறகு மாலைவரை அவருக்கு லைன் கிடைக்கவில்லை.

சாரல் விட்டு விட்டுப் பெய்தது. அருவியிலிருந்து தண்ணீர் இறங்கி ஓடையாகத் திரும்பும் இடத்தில், ஒரு மருத மரத்தடியில்தான் அண்ணாச்சி குதிரையைக் கட்டுவார். நான் போனபோது கட்டியிருக்கவில்லை, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். ஐந்து மணியிலிருந்து நடத்துகிறாராம். இருவரும் ஒரே மாதிரி தள்ளாடினார்கள். வெள்ளைப் பெட்டைக் குதிரை, பத்து வயது, அதில் ஏழு வருடம் அவரிடம். உருண்டதில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

“நடக்கிறத நிறுத்துங்க அண்ணாச்சி. ரெண்டு பேரும் விழுந்துருவீங்க.”

“படுக்க விட்டா கொடலு முறுக்கிக்கிடும்னு சொல்லுதாவளே.”

“சும்மா படுத்தா ஒண்ணும் ஆகாது. உருளுனா மட்டும் எழுப்புவோம்.”

நாடித்துடிப்பு ஐம்பத்தாறு, நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஈறு வறண்டு, விரலில் ஒட்டியது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன், மடிப்பு அப்படியே நின்று மெல்லத்தான் இறங்கியது. குதிரையின் வயிற்றில் காதை வைத்தால் எப்போதும் ஏதாவது உருண்டுகொண்டிருக்கும், தூரத்து இடி மாதிரி. வலது பக்கம் கொஞ்சம் கேட்டது. இடது பக்கம் இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். அருவிச் சத்தம்தான் கேட்டது. கையுறை போட்டுப் பின்வழியாகப் பார்த்தபோது, கை எட்டும் தூரத்தில் குடல் வளைவில் இறுகிய கட்டி தட்டுப்பட்டது. அழுத்தினால் பள்ளம் விழுந்தது. காய்ந்த தீவனம் அடைத்திருந்தது. முறுக்கல் இல்லை என்றுதான் தோன்றியது. தோன்றியது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

“பொழைக்குமா?” என்றார்.

“இளக்கி விட்டா போயிரும். இளகலைன்னா வயித்தத் திறக்கணும். அதுக்குச் சென்னைக்குத்தான் லாரியில ஏத்தணும்.”

“சென்னை வரைக்கும் இது நிக்காது.”

“நிக்காது,” என்றேன்.

அவர் குதிரையின் பக்கம் திரும்பினார். “ஏட்டி, கேட்டியா? இங்கனயே போட்டுரு.”

பக்கத்தில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி வயதுதான், அவரைவிட இரண்டு மடங்கு உடம்பு. பாதி தேய்த்த ஆளைக் குப்புறப் படுக்கப் போட்டுவிட்டுக் கையில் எண்ணெய்ச் சட்டியோடு வந்துவிட்டார்.

“டாக்டரம்மா, தலைய அண்ணாந்து பிடிச்சி அர லிட்டர் நல்லெண்ண ஊத்துங்க. எண்ணெய்க்கு மசியாத ஒடம்பு இந்தக் குத்தாலத்துலயே கெடையாது.”

“வாயில ஊத்துனா நுரையீரலுக்குள்ள எறங்கிரும். வயிறு சரியாயி மூச்சு முட்டிச் செத்துரும்.”

“அப்ப என்ன செய்யப் போறிய?”

“மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விடணும்.”

“மூக்கு வழியாவா,” என்று அண்ணாச்சியைப் பார்த்தார். “ஓய், இதுக்கு நம்ம எண்ணெயே தேவல வே.”

வலிக்கான ஊசியை நரம்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தலை தாழ்ந்ததும் குழாயை விட்டேன். முதல் தடவை குதிரை இருமியது. குழாயின் இந்த முனையில் கன்னத்தை வைத்தேன், மூச்சுக்கு மூச்சு சூடான காற்று வந்தது. மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. வெளியே இழுத்தேன். கூடவே மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. “ஐயோ தாயி” என்று அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பயப்பட வேண்டாம், மூக்குச் சவ்வு உரசினால் வரும் ரத்தம் என்று சொன்ன குரல் நிதானமாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை, குதிரை விழுங்கும் கணத்துக்குக் காத்திருந்து தள்ளினேன். கழுத்தின் இடது பக்கம் தோலுக்கடியில் குழாய் இறங்குவது தெரிந்தது. புளித்த வாடை வந்தது. வயிறுதான். உள்ளிருந்து தண்ணீர் எதிர்த்து வரவில்லை என்று உறுதி செய்தபின், டீக்கடையில் வாங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புக் கலந்து ஆறு லிட்டர், அதன் பின் பாராஃபின். எண்ணெய்க்காரர்தான் புனலைப் பிடித்தார்.

“கடைசில எண்ணெயத்தான ஊத்துதிய.”

“இது எண்ணெய் இல்ல.”

“பாக்க எண்ணெய் மாரித்தான் இருக்கு,” என்றார் திருப்தியோடு.

குழாயை எடுத்த பிறகு, தானாகக் குடிக்கிறதா என்று பார்ப்போம், வாளியில் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றேன். அண்ணாச்சி ஓடையில் மொண்டு வந்து வைத்தார். குதிரை மூக்கை அதன் அருகே கொண்டுபோய், மேலுதட்டைச் சுருக்கி, தலையைத் தூக்கிக்கொண்டது.

“சாரல்ல நனைஞ்சிட்டே நிக்கால்லா, தாகம் எடுக்காது,” என்றார் அண்ணாச்சி.

“தாகமா எடுக்காது?” என்றார் எண்ணெய்க்காரர். “அது வந்த நாளுலருந்து இப்படித்தான் செய்யுது. மோந்து பாக்கும், ரெண்டு வாய் இழுக்கும், தலையத் தூக்கிரும். மேல நூறு பேரு ஷாம்பு போட்டுக் குளிக்கான். தடைன்னு போர்டு வச்சிருக்கான், போர்டுக்குக் கீழயே நின்னு போடுதான். நான் தேய்க்குத எண்ணெயும் இந்த ஓடையிலதான போவுது. அத நீரு குடிப்பீரா வே?”

“வந்த நாளுலருந்தா?” என்று கேட்டேன்.

“நான் காலையிலருந்து பொழுதடைய இங்கனதான உக்காந்திருக்கேன்.”

“ஏம் வே, இத எங்கிட்டச் சொல்லலியே,” என்றார் அண்ணாச்சி.

“குதிரைக்காரன் நீரா நானா? நீரு கேட்டீராங்கும்?”

நான்கு நாளுக்கு முன், திங்கட்கிழமை, அந்த மரத்தடிக்கு நான் வந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வெளியூர்க் குதிரைகள் சீசனில் நோயில் விழுந்த பிறகுதான் எங்களிடம் வருகின்றன, முன்னாலேயே பார்த்துவிடுவோம் என்று நானே ஒரு பக்கத்துக்குப் பட்டியல் தயாரித்திருந்தேன். கண், பல், குளம்பு, லாடம், சேணம் உரசும் இடம், குடற்புழு மருந்து, தீவனம், தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். பல்லைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்ததும், “தண்ணி எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் தாடையால் ஓடையைக் காட்டினார். “இந்தா ஓடுதுல்லா. குத்தாலத்துல நின்னுக்கிட்டுத் தண்ணியக் கேக்கியளே.” நானும் சிரித்தேன். கட்டத்தில் டிக் போட்டேன். தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறேன். குதிரை குடிக்கிறதா என்று நிற்கவில்லை. நின்றிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தத் தாள் பையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

லாட்ஜ் ஒன்றின் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். நாலு வாய் குடித்துவிட்டு நிறுத்தியது. அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை, பார்ப்பதற்குத்தான் இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை நாடி, ஈறு, இரண்டு பக்க வயிறு. பதினொன்றரைக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டுக்கு நாற்பத்தாறு. இடைப்பட்ட நேரத்தில் உட்கார முடியவில்லை. ஓடைக்கும் மரத்துக்கும் இடையே நடந்தேன். குதிரையை நடத்த வேண்டாம் என்று சொன்னவள் நான். பஸ்கள் வந்து ஆட்களை இறக்கின. ஈரத் துண்டோடு ஒரு குடும்பம் வந்து சவாரி உண்டா என்று கேட்டது. “குதிரைக்கு இன்னைக்கு லீவு,” என்று எண்ணெய்க்காரர் சொல்லி அனுப்பினார்.

இரண்டே முக்காலுக்கு வலி திரும்ப வந்தது. முன்காலால் மண்ணைச் சுரண்டியது, படுத்தது, கால்களை வானத்துக்குத் தூக்கி உருண்டது. ஊசி போட்டும் வலி திரும்பினால் நல்ல அறிகுறி இல்லை. அதே ஊசியை அதற்குள் மறுபடி போடவும் கூடாது. நாடி அறுபது. லாரிக்காரருக்குச் சொல்லிவைக்கவா என்று அண்ணாச்சி கேட்டார். உள்ளே கை விட்டுப் பார்த்தேன். கட்டி அங்கேயேதான் இருந்தது, ஆனால் விரல் முன்பைவிட ஆழமாக அமிழ்ந்தது. அல்லது நான் அப்படி விரும்பினேன். காலையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன்.

“லாரி வேண்டாம். இன்னொரு தடவை தண்ணி விடுதேன்,” என்றேன். படிக்கப் போன ஊரில் உதிர்ந்துபோன எங்கள் ஊர்ப் பேச்சு அப்போது தானாக வந்தது.

இந்தத் தடவை குழாய் ஒரே முயற்சியில் இறங்கியது. எட்டு லிட்டர். கையில் இருந்த பாட்டில்கள் எல்லாம் நரம்பில். மரத்தில் கயிறு கட்டிப் பாட்டில்களைத் தொங்கவிட்டோம். துணி காயப்போட்டிருக்கிறோம் என்று நினைத்து ஒரு அம்மா தன் சேலையையும் கொண்டுவந்தாள்.

நான்கு மணிக்கு இடது பக்கத்தில் முதல் சத்தம். என் காதை நம்பாமல் அண்ணாச்சியையும் காதை வைக்கச் சொன்னேன். “பஸ் ஸ்டார்ட் ஆவுத மாரி இருக்கு,” என்றார். நாலே முக்காலுக்குக் காற்று பிரிந்தது. எண்ணெய்க்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். ஐந்து பத்துக்கு வால் தூக்கி, சளி படிந்த கறுப்பு உருண்டைகள் ஏழு. ஏழையும் குச்சியால் உடைத்துப் பார்த்தேன். கடைசி இரண்டின் மேல் பாராஃபின் மினுங்கியது. அது அடைப்பைத் தாண்டி வந்திருக்கிறது.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, திங்கக்கிழமை நான் தண்ணிய ஒழுங்காப் பாக்கல. நீங்க சொன்னதக் கேட்டு டிக் போட்டுட்டேன். குடிக்குதான்னு நின்னு பாத்திருக்கணும்.”

அவர் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். “நானும்தான் பாக்கல,” என்றார். பிறகு, “ஆனா நீங்க படிச்சவியல்லா,” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

ஒரு வாரத்துக்குச் சவாரி கூடாது, ஊறவைத்த தீவனம் மட்டும், ஒரு நாளைக்கு இத்தனை லிட்டராவது குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சீசனில் ஒரு வாரம் என்றால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் வாதாடவில்லை. அளவைப் பார்த்துவிட்டுத்தான் தயங்கினார். கிணற்றுத் தண்ணீரையும் குதிரை வேண்டாவெறுப்பாகத்தான் குடிக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் அவருடைய கரிசல் ஊரில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்குமாம். இவள் அதிலேயே வளர்ந்தவள், குற்றாலத்துக்கு இந்த சீசனில்தான் முதல் தடவையாக வந்திருக்கிறாள். “இந்த இனிப்புத் தண்ணி இவளுக்கு எறங்காது,” என்றார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். இரவில் மூன்று தடவை லத்தி போட்டிருந்தது. ஈறு ஈரமாக இருந்தது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் காட்டினோம், பாதி குடித்தது. பாதி போதாது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். மதியம் ஒரு பசுவுக்குத் தையல் போடும்போதும் அந்த மீதிப் பாதிதான் மனதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது மரத்தடியில் ஒரு மினி லாரி நின்றது. குதிரையை ஊருக்கு ஏற்றிப்போகிறார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை, இறக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர்க் கேன்கள், பதினைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய மைத்துனர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். குளிக்க வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

“என்ன சரக்கு அண்ணாச்சி?” என்று ஒருவர் கேட்டார்.

“தண்ணி.”

“தண்ணியா? இங்கயா?”

“ஒம்ம ஊரே தண்ணிக்கு லாரிய எதிர்பாத்துக் கெடக்கு,” என்றார் எண்ணெய்க்காரர், யாருடைய முதுகையோ தட்டிக்கொண்டே. “அங்கருந்து குத்தாலத்துக்குத் தண்ணி கொண்டாந்த மொத ஆளு நீருதான் வே. ஒமக்குச் செல வைக்கணும்.”

அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. ஒரு கேனைத் திறந்து வாளியில் கவிழ்த்தார். குதிரை மூக்கை இறக்கியது. உதட்டைச் சுருக்கவில்லை. தண்ணீருக்குள் வாயை வைத்து, காதுகள் முன்னும் பின்னும் அசைய, இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மடக்கும் தொண்டையின் அடியில் ஒரு சின்ன மேடாக ஏறிப்போவது தெரிந்தது. நான் அவற்றை எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் வாளி காலியானது. அவர் அடுத்த கேனைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அதையும் எண்ண நின்றேன்.