வீரய்யா மேல் இறங்கிய அம்மன்

கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் காலமெல்லாம் சேலை விரித்துக் காட்டியவர் வீரய்யா. எந்தப் பெண் எந்தக் கலரை எடுத்தாலும், உங்களுக்கென்றே நெய்தது என்பார். வாய் கூசாத பொய். அந்தப் பொய்தான் நமக்குச் சோறு போடுது என்று மனைவி ஞானேஸ்வரியே கேலி செய்வாள்.

அம்பிட்டியவில் தன் வீட்டுக்குப் பின்னால் புதராய் மண்டியிருந்த பற்றையை வெட்டினார். அடுத்த கிழமை காய்ச்சல் பிடித்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி போட்டது. பிறகு பிதற்ற ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். அம்மா இறங்கியிருக்கிறாள், மருந்து மாத்திரை கொடுத்தால் குடும்பம் விளங்காது என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். போதாதா? ஊரே திரண்டுவிட்டது. வீரய்யா இல்லாத சேலையை விரித்து விரித்துக் காட்டினார். ஒருத்திக்குப் பச்சை என்றார். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிடும் என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்திக்கு நீலம் என்றார்; கட்டார் விசா வந்த மாதிரிதான் என்றார்கள்.

ஞானேஸ்வரி கஞ்சியோடு கிட்டப் போனாள். அவளைப் பார்த்து அவர் கும்பிட்டார்.

“வாங்க மேடம், என்ன பாக்குறீங்க?”

கட்டின பெண்டாட்டியையே தெரியவில்லை! அந்த நிமிஷமே ஆட்டோவைக் கூப்பிட்டாள். சாமியைத் தூக்கி ஆட்டோவில் போடுவதா என்று பேச்சியம்மா கற்பூரத் தட்டோடு கதவை மறித்தாள். ஞானேஸ்வரி கெஞ்சினாள், ஏசினாள். மனுசி அசையவில்லை.

வீரய்யா ரோஸ் சேலையில் நின்ற பேச்சியம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த ரோஸ் கலர் உங்களுக்கு எடுபடாது அக்கா. தீவாளிக்குத் தீவாளி நான் சொன்னதெல்லாம் பொய்.”

பேச்சியம்மாவின் முகம் செத்துப்போனது. இது அம்மனாவது ஆத்தாளாவது, மூளைக்கு ஏறின காய்ச்சல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று அவளே வீரய்யாவின் காலைப் பிடித்துத் தூக்கினாள்.

டொக்டர் வீரய்யாவின் அக்குளில் இருந்த கறுத்த புண்ணைக் காட்டினார். பற்றையில் சின்னப் பூச்சி கடித்து வந்த காய்ச்சல். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்காது என்று ஏசினார். மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியும் வீரய்யா கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். ஞானேஸ்வரி கூப்பிட்டும் திரும்பவில்லை. புத்தி திரும்புமோ திரும்பாதோ என்று ஞானேஸ்வரி கட்டிலோரத்தில் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

பேச்சியம்மா பார்க்க வந்தாள். வீம்புக்கு அதே ரோஸ் சேலை. வீரய்யா மெல்லத் தலையைத் திருப்பினார்.

“வாங்க அக்கா. இந்தக் கலர்ல பத்து வயசு குறைஞ்சிட்டீங்களே.”

என் மனுசன் வந்துட்டாரு என்று ஞானேஸ்வரி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.