எலும்பு மாத்திரை டப்பா

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். சட்டைக்குப் பட்டன் வைக்கும் இயந்திரம் அவளுடையது. தட்டில் நாலு ஓட்டைப் பட்டன்களுக்கு நடுவே ஒரு ரெண்டு ஓட்டைப் பட்டன் கிடந்தால் போதும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் அதை ஒதுக்கிவிடும். அப்படிப்பட்ட கண் தன் வீட்டுக்குள் மட்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. நன்றிக்கடன் தலைக்கு மேல் ஏறினால் கண் எங்கே தெரியும்?

கல்யாணமான புதிதில் அவளுக்கு விடாமல் காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்தார்கள், எச்.ஐ.வி. என்றார்கள். அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. புருஷன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். அவன்தான் தேற்றினான்.

"நான் வெளியில டெஸ்ட் பண்ணிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குச் சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணப்ப ரத்தம் ஏத்துனாங்கல்ல, அதுலதான் வந்திருக்கும். உன்மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

அவள் அவன் காலில் விழாத குறைதான். விஷயத்தைத் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே உன்னை வாசல்ல நிறுத்தியிருப்பான். தங்கமான மனுஷன், பார்த்து நடந்துக்க" என்றாள். அன்றிலிருந்து அவன் சட்டைக்கு இஸ்திரி போடும்போதுகூடப் பட்டன் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு கும்பிடு.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது கூட்டு மாத்திரை. மூன்று மருந்தை ஒன்றாக்கி, தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். மருந்து கொடுக்கும் அம்மா ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்வார்: "இந்த டப்பாவுலயே வைங்க, மாத்தாதீங்க. நாள் தவறாதீங்க. யாருக்கும் பங்கு குடுக்காதீங்க. வேற எந்த மாத்திரை சாப்பிட்டாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, முதல் வேலையாக டப்பாவை மாற்றினாள். வீட்டில் மாமியார் இருந்தார். அந்தப் பெயர் ஒட்டிய டப்பா அவர் கண்ணில் பட்டால்? பழைய கால்சியம் டப்பா ஒன்றில் மாத்திரைகளைக் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்தாள். கேட்டால் எலும்புக்கு. உள்ளே இருப்பது என்னவென்று அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த மாத்திரையை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, டப்பாவைக் கவிழ்த்து, கையில் விழுந்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவாள். பார்த்தால் வியாதியை நேரில் பார்த்த மாதிரி கூசும்.

பிள்ளை ஆசை அவளுக்கு நிறைய இருந்தது. "மருந்து ஒழுங்காப் போனா நல்லபடியாப் பெத்துக்கலாம், முதல்ல உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரே சொன்னார். அவன் மறுத்துவிட்டான். "பிள்ளை எதுக்கு? எனக்கு உன் உடம்புதான் முக்கியம்." அதற்கும் அவள் மனம் குளிர்ந்தாள். மாமியார் அவளை மலடி என்று ஜாடை பேசும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருஷம் ரத்தப் பரிசோதனையில் கிருமியின் அளவு ஏறியிருந்தது.

"மாத்திரையை விட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒருநாள்கூட இல்ல சார்."

நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்மா. அப்புறம் இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்காமப் போகலாம். நாளைக்கு மாத்திரையைக் கையோட கொண்டு வாங்க" என்றார். வழியெல்லாம் அவளுக்கு அழுகை பொங்கியது. ஊர் உலகத்தையெல்லாம் விட்டுவிட்டு இந்த மாத்திரை ஒன்றைத்தானே நம்பினாள். அதுவும் கழுத்தறுத்துவிட்டதே என்று மாத்திரையைத் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் மருந்து கொடுக்கும் அம்மா கால்சியம் டப்பாவைப் பார்த்ததுமே புருவத்தைச் சுருக்கினார். ஒரு தட்டில் கொட்டினார். எல்லாம் வெள்ளை, எல்லாம் நீளவாக்கு. ஆனால் தட்டில் பரப்பிய பொருளைப் பார்க்கப் பட்டன் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விரல் தானாகப் போய், எழுத்துப் பதித்ததை ஒரு பக்கமும் நடுவில் கோடு போட்டதை இன்னொரு பக்கமும் தள்ளியது.

"கோடு போட்டது நிஜமாவே கால்சியம்" என்றார் அந்த அம்மா. "இது விழுந்த நாள்ல உங்களுக்கு மருந்தே போகல. வீட்டுல யாராவது எடுக்கிறாங்களா?"

முதலில் மாமியார் ஞாபகம்தான் வந்தது. முழங்கால் வலிக்கு எதைக் கண்டாலும் விழுங்குகிறவர். ஆனால் அவர் படியிறங்கி மருந்துக்கடைக்குப் போய் வருஷங்களாயின. எடுத்த இடத்தில் அதே போல் வாங்கி வைக்க வேண்டுமென்றால், எடுப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பட்டன் அக்கா அந்த அம்மாவிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, கோடு போட்ட மாத்திரை ஒன்றோடு புருஷனைத் தேடிப் போனாள்.

அவன் ரொட்டிக் கம்பெனி வாசலில் வேனுக்குள் உதிர்ந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான். இவள் கோடு போட்ட மாத்திரையை உள்ளங்கையில் நீட்டினாள். துடைப்பம் நின்றது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"இருமல் நிக்கல, உடம்பு இளைச்சுக்கிட்டே போச்சு. பயந்துட்டேன். உனக்குப் பாதி விட்டுத்தான் எடுத்தேன்." ஏதோ நியாயமாகப் பாகம் பிரித்தவன் போல் சொன்னான். "குறைஞ்சது தெரிஞ்சா நீ கலங்குவேன்னு அதைப் போட்டேன்."

"நான் அதைக் கேக்கல. வியாதி உங்களுக்கு எப்பலேர்ந்து?"

அவன் தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

அப்படியானால் ஆபரேஷன், ஏற்றிய ரத்தம், சந்தேகமில்லை என்ற பெருந்தன்மை எல்லாம் கட்டுக்கதை. பிள்ளை வேண்டாம் என்றதும் அவள் உடம்பை நினைத்தல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் தன் ரத்தத்தையும் பார்த்துவிடுவார்களே என்றுதான். வியாதி கொடுத்ததைவிட, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாதி மருந்து ரெண்டு பேருக்குமே மருந்தில்லைன்னு சொல்லிட்டாங்க. உங்க ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துட்டு உங்களுக்குன்னு குடுப்பாங்க."

"அந்த வரிசையில நான் எப்படி நிக்கிறது? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் நின்னப்ப என்ன நினைச்சாங்களோ, அதையேதான்."

அவன் வரவில்லை. வேலை இருக்கிறது என்றான். அவள் போய் மறுபடி ரத்தம் கொடுத்தாள். மருந்து இன்னும் கேட்கிறதா என்பது அந்த முடிவு வந்தால்தான் தெரியும், அதுவரை இதையே ஒருநாளும் விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். புது டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒட்டிய பெயரைக் கிழிக்காமல், அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எழுத்தைச் சரிபார்த்து விழுங்கினாள்.

மாமியார் சுவரைப் பிடித்தபடி வந்து டப்பாவை உற்றுப் பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த புருஷன் அப்படியே நின்றான்.

"இது என்னடி புது மாத்திரை?"

"புதுசில்ல அத்தை, எச்.ஐ.வி.க்கு நான் இத்தனை வருஷமாச் சாப்பிடுற மாத்திரை" என்றாள். "மாத்திரை என்னோடது. மீதியை உங்க பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க."