தனபாலன் அண்ணனின் லாவோஸ், என்னுடைய சூலியா தெரு

செய்தி எனக்கு ரஹீமிடமிருந்து வந்தது. முதலில் அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தனபாலன் அண்ணன் காலையில் பைக்கைக் கழுவிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். அவர் மனைவி சரோஜா அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த எண்ணம், ‘இவனுக்கு எப்படி முதலில் தெரிந்தது?’ என்பதுதான். அவருடைய இறுதிப் பயணம் என்று பலரும் எழுதியிருந்தார்கள். என்னைக் கேட்டால், அண்ணன் கடைசியாகப் போன பயணம் லாவோஸ். அதில் நான் இல்லை.

சிம்பாங் அம்பாட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர், நான் ஸ்டோரில் பெட்டி எண்ணுபவன். ஞாயிறு காலைகளில் சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பயணம் திட்டமிடுவோம். முதலில் இந்தியா வரை பைக்கிலேயே போவதாகத்தான் பேச்சு. பர்மா வழி சரியில்லை என்றானதும் லாவோஸ் மலைகளுக்குத் திரும்பினோம். அண்ணன் கைப்பேசியில் வரைபடம் பார்க்கமாட்டார். சர்க்கரை டப்பா ஹாட்யாய், டிஷ்யூ பெட்டி பாங்காக், குழம்புக் கிண்ணம் லாவோஸின் தலைநகர் வியந்தியான் என்று மேசையிலேயே ஊர்களைப் பரப்பிவிடுவார். ஒருநாள் மேசை துடைக்க வந்தவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அண்ணே, வியந்தியான் போயிருச்சு.”

“போகட்டும்லா. எப்படியும் அங்க ஒரு ராத்திரிதான்.”

இப்படியே ஆறு வருடம் ஓடியது. நான் கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து அவர் ஒரு சின்ன ரைஸ் குக்கரை வெளியே எடுத்தது இந்த ஆறு வருடத்துக்குள்தான். “நீ பயணம் போறியா, தனிக்குடித்தனம் போறியா?” என்று கேட்டார். சாமான் குறைந்தால்தான் தூரம் கூடும் என்பது அவர் அடிக்கடி சொல்வது. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என் பழைய சட்டைகளைத் தூக்கிப் போடுகிறாள்.

கிளம்பும் வாரம் முடிவானபோது, அதே வாரத்தில் என் மகளின் நிச்சயதார்த்தத்தை மாப்பிள்ளை வீட்டார் வைத்துவிட்டார்கள். தயங்கித் தயங்கி அண்ணனிடம் சொன்னேன். “ரோடு எங்கயும் ஓடிப்போகாதுலா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓடிப்போயிருவாங்க. நீ இரு” என்றார். என் இடத்துக்கு ரஹீம் வந்தார். அதே தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருப்பவர், என்னைவிட வயது குறைவு, வயிறும் குறைவு. தாய்லாந்துப் பணத்துக்கு விலை கேட்கப் போன இடத்தில் அவரை அண்ணனுக்கு அறிமுகம் செய்துவைத்த புத்திசாலி நான்தான்.

போகாதவனுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று அண்ணன் எனக்கு நேரம் குறிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். ராகுகாலத்தில் எல்லை தாண்டக்கூடாது, அது ஒன்றுதான் சரோஜா அக்காவின் நிபந்தனை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு மணிக்கு முடியும்; முடிந்ததும் தாண்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தாய்லாந்தில் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. முத்திரை குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனால் அங்கே மணி பதினொன்றைத் தாண்டியிருக்கிறது. மறுபடியும் ராகுகாலம். அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, ஒரே நாளைக்கு எனக்கு எத்தன ராகுகாலம்லா போட்டு வச்சிருக்க?”

“அங்கயே கொஞ்சம் உக்காருங்கண்ணே.”

“உக்காந்துட்டுதான் இருக்கேன். ரஹீம் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அக்காகிட்ட மூச்சு விட்றாத.”

அது முடிந்தபோது ரஹீமுக்கு ஜும்மா தொழுகை நேரம். தொழுகை முடிந்தபோது மழை. முதல் நாள் எல்லையோரத்திலேயே கழிந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மகிழ்ச்சி அந்த ஒரு நாளோடு சரி. பிறகு தினமும் படங்கள் வந்தன. மேகத்துக்கு மேலே நிற்கும் பைக், ஆற்றங்கரையில் சோறு சாப்பிடும் அண்ணன், எல்லாப் படத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு ரஹீம். நிச்சயதார்த்தப் படங்களில் என் முகத்தைப் பார்த்த சம்பந்தி, மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா என்று கவலையோடு விசாரித்தார்.

அடுத்த முறை வியட்நாம், அதில் நான் நிச்சயம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தைப்பூசம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தோம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்ததே என் மனைவிதான்.

இறுதிச் சடங்கன்று டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டு வாசலில் பைக்குகள் வரிசையாக நின்றன. நான் காரில் போய் இறங்கினேன். சடலம் போன வண்டிக்கு முன்னால் பைக்கில் போனவர்களில் ரஹீமும் ஒருவர். காரின் கண்ணாடி வழியாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் முடிந்து தே தாரிக் குடிக்க உட்கார்ந்தபோது அவர்தான் பேச்செடுத்தார்.

“ஒங்க மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்புண்ணே.”

“என் மேலயா பாய்? எதுக்கு?”

“ரோட்ல ஹெல்மெட் மாட்டுனா பேச்சு கெடையாது. ரூமுக்கு வந்தா அவரு படுத்துருவாரு. மூணு வாரத்துல அவரு வாய தெறந்தது ரொம்ப கொஞ்சம். பேச்செல்லாம் ஒங்ககூடதான்.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “மலையில சேத்துல வண்டி சாஞ்சிருச்சு. என்ன தொட விடல, தனியாவே தூக்கி நிறுத்துனாரு. பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்” என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, அண்ணன் என்னைத் தன் வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். பெட்டிகள் கட்டிய பைக்கை மெதுவாகப் புல்தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார். “பயமா இருக்கு தம்பி. மலையில இது விழுந்தா என்னால தூக்க முடியுமான்னு தெரியல” என்றார். குனிந்து இழுத்தார், வரவில்லை. மறுபடி முயன்றார், கால் வழுக்கி முழங்காலில் விழுந்தார். நான் ஓடினேன்.

“கிட்ட வராதலா. அங்க நீ இருக்கமாட்ட.”

பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்து, காலை ஊன்றி எழுந்தார். வண்டியும் கூடவே எழுந்தது. யாரிடமும் சொல்லாதே என்றார். இதுவரை சொல்லவில்லை.

லாவோஸ் மலையை ரஹீம் வைத்துக்கொள்ளட்டும். அண்ணன் பயந்த அந்த ஞாயிறு என்னுடையது. ரஹீம் இதை எப்படியும் படிப்பார். படித்துவிட்டு அவரும் கொஞ்சம் பொறாமைப்படட்டும்.