மாப்பிள்ளை படம் வந்ததும் இருட்டுகிற லேப்டாப்

செல்லூரில் பத்ரிநாத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். பத்ரிநாத்துக்குத் தெரியாதவர்கள் என்று யாரும் கிடையாது. டீக்கடையில் புது ஆள் ஒருவன் வந்து நின்றால் போதும், கிளாஸ் காலியாகும் முன்னே அவனைச் சொந்தக்காரன் ஆக்கிவிடுவார்.

"தம்பி, நீங்க பரமக்குடியா? அங்கன பெருமாள் கோயில் தெருவுல எங்க சித்தப்பா சம்பந்தி வீடு இருக்கு. அவங்க மூத்த மருமகளோட தம்பி ஒருத்தர், கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவாரு..."

"அவரு எங்க பெரியப்பாங்க!"

"அப்ப நீ எனக்கு மகன் முறை. மாஸ்டர், இவருக்கு ஒரு வடை குடுங்க."

நூல் கடையில் வேலை பார்ப்பது பிழைப்பு. வரன் பார்த்துச் சேர்த்து வைப்பதுதான் அவருக்கு உயிர். சௌராஷ்டிரா வீடுகளில் யார் எந்த வீட்டுப்பெயர், யாருக்கு என்ன கோத்திரம், யார் வீட்டுச் சமையலில் காரம் தூக்கல் என்பது வரைக்கும் மனசிலேயே வைத்திருப்பார். தரகு என்று எதையும் கையால் தொட மாட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.

முன்பெல்லாம் படங்களை மஞ்சள் பையில் கொண்டு போவார். அப்புறம் அக்கா மகள் ரம்யாஸ்ரீ, பிளஸ் டூவில் தனக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை அவரிடம் தந்துவிட்டாள். அவளுக்கு வேலை கிடைத்துப் புதுசு வந்துவிட்டது. பழசில் பாதி எழுத்து அழிந்திருக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும், உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பத்ரிநாத் அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் குங்குமம் வைத்தார்.

படம் காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெண்ணைப் பெற்றவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைப்பார். மூடியைத் திறந்ததும் முதலில் கள்ளழகர் வருவார். பத்ரிநாத் இரண்டு கையும் கூப்பி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போடுவார். அப்புறம் கைகளை லேப்டாப்பின் மேல் வைத்து, "அம்மா, இப்பப் பாருங்க" என்பார். மாப்பிள்ளை வருவான்.

இப்படி ஊருக்கெல்லாம் காட்டியவர், சொந்த அக்கா மகளுக்குக் காட்டும்போதுதான் மாட்டிக்கொண்டார்.

அக்கா துளசிபாய்க்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே தமிழில் வருகிறது. துளசிபாய்க்கு ஒரே மகள் ரம்யாஸ்ரீ. வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்தால் மடிக்கத் தெரியாத மனுஷன். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது தாய்மாமன் பொறுப்பு என்று பத்ரிநாத் நினைத்துக்கொண்டிருந்தார். துளசிபாயோ, வீட்டுக்காரர் வழியில் சமயநல்லூரில் ஒரு பையனைப் பார்த்து முக்கால்வாசி முடிவு பண்ணிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ரம்யாஸ்ரீ மாமாவை நூல் கடை வாசலில் பிடித்தாள்.

"மாமா, எங்க ஆபீஸ்ல கார்த்திகேஷ்னு ஒருத்தர். நம்ம ஆளுகதான். கோத்திரமும் வேற வேற, நான் கேட்டுட்டேன்."

"கோத்திரம் வரைக்கும் கேட்டுட்டியா? அப்புறம் நான் எதுக்கு?"

"நீங்க கண்டுபிடிச்ச மாதிரி அம்மாகிட்டக் கொண்டு போகணும். நானாப் பாத்தேன்னு தெரிஞ்சா அம்மா அன்னைக்கே சமயநல்லூருக்கு வெத்தலை பாக்கு வாங்கிரும்."

பத்ரிநாத் பையனின் குடும்பத்தை இரண்டே நாளில் தோண்டி எடுத்தார். பையனுடைய அம்மாவின் சின்னம்மா, பத்ரிநாத்தின் அம்மாவோடு ஒரே தறிக்கூடத்தில் நூல் சுற்றினவள். ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார், கூடவே மனைவி நாகமணியும்.

கிழக்கே பார்த்து அக்கா. மூடி திறந்தது. அழகர் பளிச்சென்று வந்தார். கும்பிடு. "அக்கா, இப்பப் பாரு."

கார்த்திகேஷ் ஒரு கண் சிமிட்டும் நேரம் சிரித்தான். இருட்டு.

பத்ரிநாத் பதறி, லேப்டாப்பின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வெளிச்சம் வந்தது. கையைப் பழையபடி வைத்தார். இருட்டு. எடுத்தார், கார்த்திகேஷ். வைத்தார், இருட்டு. பையன் ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஊர் மாதிரி வந்து வந்து போனான்.

துளசிபாய் தலைமுடியைக் கோதிக்கொண்டு சொன்னாள்: "அழகரு நல்லாத் தெரிஞ்சாரே."

"அக்கா, இது மெசினு..."

"மெசினுதான். நான் ஏத்தி வைக்கச் சொன்ன அந்தச் சமயநல்லூர்ப் பையன் படமும் இதுலதான இருக்கு? அதை எடு பாப்போம்."

பத்ரிநாத்துக்குக் கோபம். நாகமணி எட்டி அந்தப் படம் இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்க, இவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். துளசிபாய் சுடுகிற தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினாள்.

சமயநல்லூர் மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு வந்து நின்றான். ஒரு சிமிட்டு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

"எம்புட்டு வெளிச்சம் பாத்தியா!" என்றாள் துளசிபாய். "சகுனம்னா இதுதான்டா பத்ரி."

அடுப்படி வாசலில் நின்ற ரம்யாஸ்ரீயின் முகம், இருட்டிப்போன ஸ்கிரீனை விட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை பத்ரிநாத் லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மீனாவின் கடைக்குப் போனார். கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் சரி பண்ணுகிற கடை. அவள் ஒருத்தியே முதலாளி, அவள் ஒருத்தியே தொழிலாளி.

"அண்ணே, என்ன சீக்கு?"

"ஸ்கிரீன் வெட்டி வெட்டி அணைஞ்சு போகுதும்மா. ஒரு மாசமாவே அப்பப்ப இருந்துச்சு, நேத்து மானத்தை வாங்கிருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணலைன்னா ஒரு பிள்ளை வாழ்க்கை போயிரும்."

மீனா மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். சார்ஜர் வயரைப் பிடித்து உலுக்கினாள். இன்னொரு ஸ்கிரீனை மாட்டிப் பார்த்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பத்ரிநாத் எட்டி எட்டிப் பார்த்தார். லேப்டாப் புது மருமகள் மாதிரி அடக்கமாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"ஆளைப் பாத்து நடிக்குதும்மா!"

"மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல ஒரு கேபிள் ஓடும்ணே. தொறந்து மூடித் தொறந்து மூடித் தேஞ்சு போயிருக்கும். எதுக்கும் மாத்திருவோம்."

கேபிள் மாறியது. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து கையை வைத்தார். இருட்டு.

நாகமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க." அவள் உட்கார்ந்து கார்த்திகேஷை எடுத்தாள். சிரித்துக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டு முத்துத்தாய் சர்க்கரை கேட்டு வந்தவள், அவளையும் உட்கார வைத்தார்கள். அவளுக்கும் சிரித்தான்.

"மாப்பிள்ளை லட்சணமாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு முத்துத்தாய் சர்க்கரையோடு போனாள்.

பத்ரிநாத் உட்கார்ந்தார். இருட்டு.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் நாகமணி. "அதுக்கு உங்களைத்தான் பிடிக்கலை."

புதன்கிழமை மறுபடியும் மீனா கடை. "அம்மா, நான் தொட்டா மட்டும் அணையுது. நாகமணிக்கு எரியுது, முத்துத்தாய்க்கு எரியுது. எனக்கு மட்டும் ஏன்?"

மீனா சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். "சரி, உள்ள வாங்க. எம் பக்கத்துல உக்காருங்க. அடியில தொறந்து கேபிளை ஒருவாட்டி பாத்துட்டு, அப்புறம் நீங்களே அடிச்சுக் காட்டுங்க."

அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து, எள்ளு மாதிரி இருந்த குட்டி ஸ்குருக்களைக் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டாள். பத்ரிநாத் ஆர்வத்தில் மேசை மேல் கையை ஊன்றி உள்ளே குனிந்து பார்த்தார். கேபிளில் ஒரு பழுதும் இல்லை. திரும்ப மாட்டலாம் என்று மீனா டப்பா மூடியைப் பார்த்தால், அது காலி.

"அண்ணே, அசையாதீங்க. ஸ்குரு கொட்டிருச்சு போல."

மேசைக்கு அடியில் தேடினாள். நாற்காலியைத் தள்ளித் தேடினாள். பத்ரிநாத்தும் குனிந்து வேட்டியை உதறினார். நிமிர்ந்தபோது மீனா அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைச் சுற்றி, வெல்லக்கட்டியில் எறும்பு மொய்த்த மாதிரி அத்தனை ஸ்குருவும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"என்னண்ணே கையில?"

"காந்தக் காப்பு."

துளசிபாய்க்குத் தோள்வலி. போன மாசம் பொருட்காட்சியில் காந்தக் காப்பு போட்டால் ரத்தம் நன்றாக ஓடும் என்று ஒருவன் சொல்ல, ஜோடியாக வாங்கிவிட்டாள். கடையில் வாங்கியதைச் சும்மா போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அழகர்கோவிலுக்கு எடுத்துப் போய்ச் சாமி பாதத்தில் வைத்து வாங்கி, ஒன்றைத் தன் இடது கையிலும் ஒன்றைத் தம்பியின் இடது கையிலும் மாட்டி, "ஆடி முடியிற வரைக்கும் கழட்டுனா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, மூடியோட விளிம்புல ஒரு சின்னக் காந்தம் இருக்கும். மூடுனா அது வந்து இந்த எடத்துக்கு நேரா உக்காரும்." இடது கை ஊன்றும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள இருக்கற சென்சார், சரி, மூடிட்டாங்கன்னு வெளக்கை அணைச்சிரும். நீங்க காப்புக் கையை அங்கன வைக்கிறீங்க. மூடிட்டாங்கன்னு நெனச்சுத் தூங்கப் போயிருது. கையை எடுத்தா முழிச்சுக்கிருது."

"அப்ப கார்த்திகேஷ் மேல ஒரு குத்தமும் இல்லை?"

"யாருண்ணே கார்த்திகேஷ்?"

பத்ரிநாத் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். கையில் இருந்த ஒரு ஸ்குருவைத் திருப்பிக் கொடுக்கவும், மறந்துபோன லேப்டாப்பை வாங்கவும் பாதி வழியிலிருந்து ஓடிவர வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். பத்ரிநாத் மீனா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். தோசைக்கரண்டியைக் காப்பில் ஒட்டவைத்தும் காட்டினார். துளசிபாய் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா! அழகரு பாதத்துல இருந்து வந்த காப்பு. அந்தப் பையனை வேணாம்னு காப்பே சொல்லியிருக்கு."

பத்ரிநாத் தோசைக்கரண்டியைக் காப்பிலிருந்து பிய்த்து எடுத்தார். மெசின் கோளாறு என்று இருந்ததை, தன் வாயாலேயே அழகர் வாக்காக்கி விட்டாரே! நாகமணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போதுதான் ரம்யாஸ்ரீ வந்து லேப்டாப்பை அம்மா மடிக்கு முன்னால் நகர்த்தினாள்.

"அம்மா, சமயநல்லூர்ப் படத்தை இன்னொருவாட்டி நீயே காட்டு. மாமா மாதிரி ரெண்டு கையையும் மேல வச்சு."

"அதுக்கென்ன?" துளசிபாய் இரண்டு கையையும் வைத்தாள்.

பட்டுச் சட்டை இருட்டில் போய்விட்டது.

எடுத்தாள், வந்தான். வைத்தாள், போனான். "கரண்ட்டு சரியில்லை" என்றாள் துளசிபாய், தொண்டையைச் செருமி.

"கரண்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுவும் அழகருதான?" ரம்யாஸ்ரீ வேறொரு படத்தைத் திறந்தாள். மாலையும் கழுத்துமாக அப்பாவும் அம்மாவும், அவர்கள் கல்யாணப் படம். "இப்பக் கையை வை."

துளசிபாய் வைக்க மாட்டேன் என்றாள். மகள் கையைப் பிடித்து வைத்தாள். மாலை, பட்டு, மீசை எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின.

மூலையில் பேப்பர் முதல் தடவையாக இறங்கியது. "இதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அழகரு" என்றார் துளசிபாயின் வீட்டுக்காரர்.

நாகமணிதான் முதலில் சிரித்தாள். பத்ரிநாத் அக்காவுக்குப் பயந்து இருமினார். துளசிபாய், "உங்களுக்கு இன்னைக்கு அடை கிடையாது" என்று வீட்டுக்காரரிடம் சீறினாள். ஆனால் சீறி முடிக்கும் முன்னே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள்.

"சரிடா பத்ரி. காப்பைக் கழட்ட மாட்டேன், வேண்டுதல் வேண்டுதல்தான். இந்தப் படம் பாக்கற வேலையே வேணாம். பையனை நாளைக்கு நேர்ல கூட்டிட்டு வா. உக்கார வச்சு, பேசி, நானே பாத்துக்கறேன். மனசுக்குப் பிடிச்சா சமயநல்லூருக்கு வேற பதில் சொல்லிக்கலாம்."

"வாரேன்க்கா, கூட்டிட்டே வாரேன்!" பத்ரிநாத் எழுந்தே விட்டார்.

"இரு. வாரவனுக்கு என்ன குடுக்கறது? காப்பி குடிப்பானா, டீயா?"

"டீ" என்றாள் ரம்யாஸ்ரீ. "இஞ்சி தட்டிப் போட்டு. சக்கரை அரை ஸ்பூன்தான்."

பத்ரிநாத் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். பேப்பர் மறுபடி உயரே போனது. துளசிபாய் மகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள்.

"அரை ஸ்பூனா?"

ரம்யாஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரொம்பக் கம்மியா இருக்கே" என்றாள் துளசிபாய். அப்புறம் அடுப்படிப் பக்கம் நடந்துகொண்டே சொன்னாள்: "நாகமணி, வரும்போது நல்ல இஞ்சியா ஒரு துண்டு வாங்கிட்டு வா. வீட்ல இருக்கறது வாடிப்போச்சு."