பஸ்ஸில் நான் மறுதலித்ததும் என் ஆய்வேடு திரும்பி வந்ததும்

சகோதர சகோதரிகளே, கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல நிற்கிறேன். அதைச் சொல்வதென்றால் என் கேவலத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1978 ஒக்டோபர், ஒரு வியாழக்கிழமை. மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய ஆய்வேட்டை ஹல்துமுல்லையில் டைப் அடித்து முடித்து, பைண்டிங் செய்யப் பதுளைக்குக் கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். புத்திகெட்டவன், மூலப்பிரதியையும் இரண்டு கார்பன் பிரதிகளையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். பனி படாமலிருக்க, தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளை அதன்மேல் சுற்றியிருந்தேன்.

பஸ்ஸில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருந்த ராகேல் அக்கா என் பக்கத்தில் இருந்தார். கொழுந்து பறிப்பவர். என் படிப்புக்காக உபவாசம் இருந்து ஜெபித்தவர். அன்றைக்குப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். எந்தக் கடையில் பைண்ட் செய்யப் போகிறேன் என்றெல்லாம் அவரிடம் பெருமையடித்துக்கொண்டே வந்தேன்.

வழியில் பெரகலையில் கல்வி அதிகாரி ஒருவர் ஏறினார். எனக்கு வேலை போட்டுத் தரக்கூடியவர். ஆய்வேட்டுக் கட்டைச் சீட்டுக்கடியிலேயே விட்டுவிட்டு, முன்னால் ஓடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அக்கா "தம்பி" என்று கூப்பிட்டார். தெரிந்தவரா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க சேர். யாரோ தோட்டத்து ஆளு."

நாக்குக் கூசவில்லை. பதுளையிலும் அந்த மனிதரோடு பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டேன்.

பைண்டிங் கடைக்கார முஸ்லிம் நானா பசை காய்ச்சி, என் பெயருக்குத் தங்க எழுத்துக்கூடக் கோத்து வைத்திருந்தார். கட்டு எங்கே என்று அவர் கேட்டபோதுதான் அதைச் சீட்டுக்கடியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் திரும்பிப் போய்விட்டது. சுவரில் தலையை வைத்து அழுது ஜெபித்தேன். அந்த ஜெபத்திலும் கட்டைத்தான் கேட்டேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அதற்கும் கர்த்தர் செவிகொடுத்தார்.

கடைக்குத் திரும்பினால், பெஞ்சில் ராகேல் அக்கா. மடியில் என் கட்டு.

"கண்டக்டர் குடுக்க மாட்டேன்னுட்டாரு தம்பி. ஆளத் தெரியுமான்னு கேட்டாரு. எங்க வீட்டுப் புள்ளதாங்கன்னு சொன்னேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையைத் தேடி அலைந்ததில் அவருக்குக் கிளினிக்கும் தவறிப்போனது. நானா மூன்று பிரதிகளையும் தைத்து, அட்டை போட்டுச் சனிக்கிழமை கொடுத்தார். திங்களன்று ஒப்படைத்தேன். பட்டமும் கிடைத்தது.

நிம்மதி மட்டும் கிடைக்கவில்லை. முழங்காலிட்டால் நான் சொன்ன அந்த வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்குத்தான் அப்பவே கேட்டுச்சே தம்பி. அதுக்காக ஒம் படிப்ப பஸ்ஸுல விட்டுட்டு வர முடியுமா?"

இன்றைக்கு எந்த பஸ்ஸில் ஏறினாலும் தோட்டத்து ஆட்களை நான்தான் முதலில் கூப்பிட்டுப் பேசுகிறேன். பக்கத்தில் எந்த அதிகாரி இருந்தாலும் சரி.

பிரியமானவர்களே, ஜெபிக்கத் தகுதியில்லை என்று யாராவது ஒதுங்கி நின்றால் என்னைப் பாருங்கள். துணிந்து கேளுங்கள், அவர் தருவார். யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிகிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.