பூர்ணிமா பிடித்த கயிறு

ஒற்றைக் காலில் நின்றுதான் பூர்ணிமா இப்போதெல்லாம் பல் தேய்க்கிறாள். வலது காலில் மேல் வரிசை, இடது காலில் கீழ் வரிசை. புருஷன் சம்பத் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "இன்னாடி இது, பஜார்ல சொன்னா சிரிப்பாங்க" என்பான். பஜார் முழுக்க அவனே சொல்லிவிட்டு வந்திருப்பான் என்பது வேறு விஷயம். கம்பெனி வேனிலும் இதே கதைதான். உட்கார இடம் இருந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நிற்பாள். ஆம்பூர் பைபாஸ் திருப்பத்தில் வேன் சாயும், இவள் சாயமாட்டாள்.

வயது முப்பத்தாறு. ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் பதினெட்டு வருஷ சர்வீஸ். பிறந்தது ஆலங்காயத்துப் பக்கம். பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தாலே செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடும் ஜனங்கள் நாம். அந்த ஊர்க்காரி போன மாசம் சென்னைக் கடலில் ஐந்து நாள் பாய்மரப் படகுப் போட்டியில் இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நாடு முழுக்க இருந்து இருபத்திரண்டு படகுகள் வந்திருந்தன. எல்லாம் கேட்டமரான். ஒல்லியான இரண்டு படகுகளைச் சேர்த்து, நடுவே துணிமேடை ஒன்றை இழுத்துக் கட்டி, மேலே பாய் ஏற்றினால் அதுதான்.

எல்லாம் அந்தத் துணிமேடை செய்த வேலை. கம்பெனியின் உற்பத்தி மேலாளர் வஹீதா மேடம் கல்லூரியில் என்.சி.சி.யில் படகு ஓட்டிப் பழகியவர். பழைய கேட்டமரான் ஒன்றை வாங்கிச் சென்னையில் போட்டிருக்கிறார். அதன் மேடைத் துணி கிழிந்தபோது, தையலுக்கு ஆம்பூரை விட்டால் வேறு ஊரா என்று சுருட்டி எடுத்துவந்து பூர்ணிமாவிடம் கொடுத்தார். தைத்து முடித்தவள், "இதும்மேல ஆளு நிப்பாங்களா மேடம்?" என்று கேட்டாள். நீயே வந்து நின்று பாரேன் என்று மேடம் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிறே முதல் ரயிலைப் பிடித்துப் போய் நின்றே விட்டாள்.

அப்புறம் ஒன்றரை வருஷம், ஞாயிறு தவறவில்லை. காட்பாடிக்குப் போய் நீச்சல் கற்றாள். கரையில் நின்ற சம்பத்தான் மூச்சுக்கு மூச்சு "ஏறி வாடி" என்று கத்திக்கொண்டிருந்தான். படகில் மேடத்துக்குச் சுக்கான், இவளுக்குப் பாய்க் கயிறு. காற்று வலுத்தால் இடுப்பு வாரைப் பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்க வேண்டும். கயிறு மட்டும் கையைவிட்டுப் போகக்கூடாது. போனால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். பாய்த்துணியை அவள் விரலால் தடவிப் பார்ப்பதே ஒரு அழகு. "தோலு மாதிரிதாங்க. எந்தப் பக்கம் இழுத்தா குடுக்கும், எந்தப் பக்கம் மொரண்டு பண்ணும்னு வெரலுக்குத் தெரியும்" என்பாள்.

போட்டிக்கு ஐந்து நாள் லீவு வேண்டும். ஏற்றுமதி அவசரம் நடக்கிற மாசம். மேலாளரே கூட்டிப் போனாலும் லைனில் ஒரு மெஷின் சும்மா நின்றால் வேலை தேங்கிவிடும். பக்கத்து மெஷின் அக்தரி பேகம்தான் முதலில் எழுந்தார். அவள் பங்கு ஜோடிகளை நாங்கள் பிரித்துத் தைத்துவிடுகிறோம் என்றார். லைனில் இருந்த எட்டுப் பெண்களும் சரி என்றார்கள். இதைச் சொல்லும்போது பூர்ணிமாவின் குரல் இறங்கிவிடுகிறது. "எத்தினி பேரு சேந்து என்னத் தண்ணி மேல நிறுத்தினாங்க. அத மறந்தா எனக்கு சோறு எறங்காது."

முதல் நாள் தொடக்கக் கோட்டில் படகுகள் முண்டியடித்து நின்றன. நடுவர் படகிலிருந்து ஹாரன் ஊதினார்கள். பூர்ணிமா கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

உலகத்தில் வேறு எந்தப் படகுக்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள். கம்பெனியில் ஹாரன் அடித்த நொடியில் மெஷினை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எப்போதோ ஒரு பெண், இந்த ஒரு தையல் மட்டும் என்று ஓட்டப்போய், விரலில் ஊசி இறங்கியதால் வந்த சட்டம். நாளைக்கு நாலு தடவை, பதினெட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் ஹாரன் ஏது? பாய் படபடக்க இவர்கள் நடுக்கடலில் நின்றார்கள். இருபத்தொரு படகும் தாண்டிப் போயின.

கடைசியாகக் கரை சேர்ந்தார்கள். மறுநாளே ஆளை மாற்றிக்கொள்ளப் போட்டி விதியில் இடம் உண்டு. சென்னைப் படகு கிளப்பில் பழகிய ஆட்களும் தயாராக இருந்தார்கள். பூர்ணிமா வாரைக் கழற்றி மடித்து மேடத்தின் முன்னால் வைத்தாள். "வேற யாரையாவது ஏத்திக்குங்க மேடம். என்னால உங்களுக்குப் பேஜாரு."

மேடம் அந்த வாரை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்: "அந்த ரூல் போட்டது யாரு? நான்தானே. உன் கைக்கு அந்தப் பழக்கத்த நான் குடுத்துட்டு, இப்ப அதுக்கே உன்ன எறக்கி வுடறதா? அது நியாயமாம்மா?"

மறுநாள் காற்று எழும்பும்வரை போட்டி இல்லை. பன்னிரண்டரைக்குச் சரியாக பூர்ணிமாவின் போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து அக்தரி பேகம். மேடம் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார். தையல் பிரிவுக்குள் போன் கூடாது. அன்றைக்கு மேடமே அனுமதி கொடுத்துவிட்டார். சாப்பாட்டு ஹாரனுக்கு நேராக அக்தரி பேகம் போனைத் தூக்கிப் பிடிக்க, இங்கே மணலில் ஸ்பீக்கர் அலறியது. பூர்ணிமா கயிற்றைப் பிடித்து நின்றாள். கை படக்கென்று திறந்துகொண்டது. ஒரு மணிக்குத் திரும்ப வேலை தொடங்கும் ஹாரன். பாதி திறந்தது. "வுடாதடி, வுடாத" என்று போனில் எட்டுப் பெண்களின் குரல். சுற்றி நின்ற வெளியூர்ப் போட்டியாளர்கள் இதென்ன பூசை என்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலப் போட்டியில் ஹாரன் ஊதியது. விரல் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியது, கயிறு கையில் இருந்தது. அடுத்த நாள் அந்தத் தளர்வும் இல்லை. ஐந்தாம் நாள் கடைசிப் பந்தயம். நல்ல காற்று. பூர்ணிமா கம்பியில் தொங்க, அலை அவள் முதுகை உரசிப் போயிற்று. கோவாக்காரர்களின் படகு ஒன்றை எட்டிப் பிடித்தார்கள், இன்னொன்றையும் தாண்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆம்பூர் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

முடிவுக் கோட்டைத் தொடும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு ஹாரன். இவர்களுக்கு ஊதியபோது இவர்கள் பத்தொன்பதாவது. மேடம் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார்.

"முடிஞ்சிடுச்சிம்மா. இப்ப வுடு."

பூர்ணிமா தலையை ஆட்டினாள். முகமெல்லாம் ஈரம், எது உப்புத் தண்ணீர், எது கண்ணீர் என்று தெரியவில்லை. பாயைத் தளர்த்த வேண்டும் என்று மேடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். விரல் பிரியவில்லை. கடைசியில் அவரே துணிமேடைமேல் முழங்காலிட்டு நகர்ந்து வந்து, அவள் கையைத் தம் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.